கருஞ்சேவல் வெளுத்த வருஷம்

என் அப்பா ஆதிமூலத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: சும்மா இருக்கத் தெரியாத ஆள். புதுச்சேரிப் பக்கம் ஏம்பலத்தில் கரும்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி இல்லாத நாளில் கயிறு திரிப்பார். திரிக்க நார் இல்லையென்றால் முந்தாநாள் கட்டிய வேலியைப் பிரித்து மறுபடியும் கட்டுவார். உடம்பில் ஒரு கொப்புளம் வந்தால் அது பழுக்கிறவரை பொறுக்கமாட்டார், கிள்ளிவிடுவார். அந்தக் கைகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கூடவே ஒரு சேவலைப் பற்றியும்.

நான் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் ஐப்பசியில். அதற்கு முன்னால் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவின் அக்கா தனக்கொடி சொல்லித்தான். என்னை வளர்த்தவள் அவள். அத்தைக்கு வாய் நீளம், ஆனால் கூட்டிக் குறைத்துப் பேச அவளுக்குப் பொறுமை கிடையாது. அதனால் அவள் சொன்னதை அப்படியே நம்பலாம்.

எனக்கு முன்னால் என் அம்மா செங்கமலத்துக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ஒன்று பிறந்து அழவே இல்லை. இன்னொன்று பேர் வைப்பதற்குள் போய்விட்டது. மூன்றாவதாக நான் வயிற்றில் வந்தேன் என்று தெரிந்ததும் தெருவில் இருந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வேலை கிடைத்துவிட்டது. ஒருத்தி கஷாயம் வைத்தாள், ஒருத்தி இடுப்புக்கு எண்ணெய் காய்ச்சினாள். அப்பாவுக்கு மட்டும் செய்ய ஒன்றுமில்லை. அடுப்பங்கரைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தவரை அத்தை விரட்டிவிட்டாள்.

"பொம்பள காரியத்துல உனக்கு இன்னாடா வேல? போயி மாட்டப் பாரு."

மாட்டைப் பார்ப்பதற்குப் பதிலாக அவர் முனியிடம் போனார்.

எங்கள் முனிக்குக் கோயில் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கரும்புக் கொல்லை ஓரத்தில் ஒரு பனை மரம், அதன் அடியில் துருப்பிடித்த சூலங்கள். அவருக்கு நேர்ந்து விடுவது கருஞ்சேவல். கறுப்பு என்றால் முழுக் கறுப்பு, வேறு நிறம் ஓர் இறகில்கூட இருக்கக்கூடாது. எங்கள் வகையறாவில் அதற்கு ஒரு முறை உண்டு. சேவலைக் கொண்டுபோய் அதன் கழுத்திலிருந்து ஓர் இறகைப் பிடுங்கிச் சூலத்தடியில் நடவேண்டும். நட்டுவிட்டால் சேவல் முனியுடையது, நம் வீட்டில் தின்று வளர்கிறது, அவ்வளவுதான். பிறகு வேறு சேவலை மாற்றிக் கொடுக்கமுடியாது. இடையில் மனசு பயந்தால் இன்னோர் இறகைப் பிடுங்கிக் கொண்டுபோய் நட்டு முனிக்கு ஞாபகப்படுத்தலாம். காரியம் முடிகிறவரை சேவல் குறையில்லாமல் இருந்தால் முனி ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். குறை வந்தால் ஒப்பவில்லை.

அப்பா தேடிப் பிடித்த சேவலுக்குக் கொண்டையும் தாடியும் தவிர எல்லாமே கறுப்பு. காலும் கறுப்பு, நகமும் கறுப்பு. பூசாரி பச்சையப்பன் அதைத் தூக்கி, இறக்கை இறக்கையாக விரித்துப் பார்த்து, "பழுதில்லடா" என்றார். அப்பா இறகை நட்டுக் கும்பிட்டார்.

"ரெண்டு உசுரும் தனித்தனியா நல்லபடியா வந்துடணும். தீட்டு கழிஞ்ச மறுநாளு இதக் கொண்டாந்து உட்டுடறேன்."

அதோடு விட்டிருக்கலாம். வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். இவர் சும்மா இருக்கத் தெரியாத ஆள் ஆயிற்றே. அம்மாவுக்கு வாந்தி வந்தால் ஓர் இறகு, தலை சுற்றினால் ஓர் இறகு. அவள் எதையோ யோசித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அதற்கும் ஓர் இறகு. ஊரில் யாருக்காவது குறைப்பிரசவம் என்று காதில் விழுந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கோழிக் கூடையைத் தூக்குவார். எல்லாம் கழுத்தில் அதே இடத்தில்தான், முறை அப்படி. பனையடியில் இறகுகள் நாற்று நட்ட மாதிரி நின்றன.

அம்மாவுக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாக இருந்தது. "யோவ், முனிக்குக் காது கேக்கும்யா. சேவல உரிச்சிப்புடாத" என்று சிரிப்பாளாம். அவள் சிரிப்பைப் பற்றி அத்தை சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

வைகாசிக் கடைசியில் சேவலின் கழுத்தில் ஒரு வெள்ளை இறகு தெரிந்தது.

அப்பா முதலில் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஊதினார். பிறகு விரலால் தட்டினார். பிறகு வண்டியைக்கூடக் கட்டாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை வந்து பார்த்தாள். அவளுக்கும் பயம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"செவுத்துச் சுண்ணாம்பக் கொத்தித் தின்னுது பாரு, அதான் வெளுக்குது. கூடைய அந்தாண்ட வெய்யி."

கூடை இடம் மாறியது. வெள்ளை போகவில்லை, பக்கத்தில் இன்னொன்று வந்தது. அதன்பிறகு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்துக் கொல்லையில் வேலை செய்யும் சூசைநாதன், வெறும் தவிட்டைப் போட்டால் கோழிக்குச் சத்து கெட்டு நிறம் போய்விடும் என்றார். அப்பா மீன் குடலும் கரையானும் கொண்டுவந்து போட்டார். வெயில்தான் வெளுக்கவைக்கிறது என்றாள் ஒருத்தி, கூடைக்கு மேலே கீற்று வேய்ந்தார். கீரிப்பிள்ளையைப் பார்த்துப் பயந்த கோழி நரைக்கும் என்றார் ஒரு பெரியவர், அப்பா ராத்திரியெல்லாம் கூடை பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தார். தாய்க்கோழியின் வழியில் எங்காவது வெள்ளை இருந்தால் குஞ்சுக்குப் பிறகு வரும் என்று இன்னொருவர் சொன்னதும் சேவலை விற்றவன் வீடுவரை போய்த் தாய்க்கோழியைப் பார்த்துவிட்டு வந்தார். அதுவும் கரிக்கட்டையாகத்தான் இருந்தது.

இதில் ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள், அத்தையும் நானும்கூடச் சிரித்திருக்கிறோம். தலைமுடி கறுக்கக் கரிசலாங்கண்ணி நல்லது என்று யாரோ சொல்லி, அவர் வாய்க்கால் ஓரமெல்லாம் அலைந்து கரிசலாங்கண்ணியைப் பறித்து வந்து, அரைத்து உருட்டிச் சேவலுக்கு ஊட்டினார். மடியில் சேவலை வைத்துக்கொண்டு, அலகைப் பிளந்து, ஒவ்வோர் உருண்டையாக.

"என் தலைக்கி ஒருநாளு எண்ண காய்ச்சிக் குடுத்திருப்பியாய்யா நீ?" என்று அம்மா கேட்டாளாம். ஆனால் அந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை என்று அத்தை சொன்னாள். சேவலின் கழுத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாளாம்.

அதற்குப் பிறகுதான் அப்பா வெள்ளை இறகுகளைப் பிடுங்க ஆரம்பித்தார். அம்மா கண்ணில் படக்கூடாது, வயிற்றுப் பிள்ளைக்காரி பயந்துவிடக்கூடாது. விடிந்ததும் சேவலைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போவார், வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கி எருக்குழியில் புதைத்துவிட்டு வந்து பல் விளக்குவார். பிடுங்கின இடத்தில் சில நாளில் குருத்து விடும். குருத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை. அதையும் பிடுங்குவார்.

ஆவணியில் பூசாரி பச்சையப்பன் அந்தப் பக்கம் வந்தவர் சேவலைப் பார்த்துவிட்டார். கழுத்து பாதி மொட்டை, மீதி புள்ளி புள்ளியாக வெள்ளை. அவர் கெட்டவர் இல்லை. அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"ஆதிமூலம், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. முனி ஒப்பல போலிருக்குது."

"வேற சேவ குடுக்கறேன். ரெண்டாக் குடுக்கறேன்."

"எறகு நட்டது இதுக்குதானப்பா."

"அப்ப நான் இன்னாதான் செய்யறது?"

பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பெரிய ஆஸ்பத்திரி புதுச்சேரியில் இருந்தது. அங்கே வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். ஆனால் வலி எடுப்பதற்கு முன்னால் ஒரு பெண்ணை அங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றாத காலம். சேவல் வெளுப்பதைப் பற்றி ஊரே யோசித்தது. அம்மாவின் வெளுத்துப்போன உதட்டையும் வீங்கின காலையும் பார்த்து ஓர் ஆள் யோசிக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை அம்மாவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சியும் அத்தையும் உள்ளே. அப்பா வெளியே, மாட்டுக் கொட்டகையில். உள்ளேயிருந்து சத்தம் வரும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்பார், உட்காருவார். வெந்நீர் வாங்க வெளியே வந்த அத்தை பார்த்தபோது அவர் மடியில் சேவல் இருந்தது. கழுத்திலிருந்து இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார். கறுப்பா வெள்ளையா என்றுகூடப் பார்க்கவில்லையாம். உள்ளே அம்மா கத்தக் கத்த, இவர் பிடுங்கிக்கொண்டே இருந்தாராம். சேவல் சத்தம் போடுவதை எப்போதோ விட்டுவிட்டிருந்தது.

மதியத்துக்கு நான் பிறந்தேன், உடனே அழுதேன். மருத்துவச்சி சிரித்துக்கொண்டு வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனாள். அப்பா அப்படியே ஈரத்தரையில் விழுந்து பனை மரம் இருந்த திக்கைக் கும்பிட்டார். கொஞ்ச நேரத்தில் அதே மருத்துவச்சி மறுபடியும் வெளியே வந்தாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. ரத்தம் நிற்கவில்லை என்றாள்.

வண்டியைக் கட்டி, வைக்கோலைப் பரப்பி, அம்மாவைத் தூக்கிப் போட்டார்கள். புதுச்சேரிக்குப் போகிற பாதையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓடியது. மாடுகள் வயிறுவரை இறங்கி நின்றுவிட்டன. அப்பா முன்னால் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மாட்டின் வாலைக் கடித்தார். சூசைநாதன் சக்கரத்தைத் தோளால் முட்டினார். வண்டி முன்னால் நகரவில்லை. மேட்டுக்குத் திருப்பும்போது அம்மா, "குளுருது" என்றாளாம். அதுதான் கடைசி.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அப்பா விதை உளுந்து எடுக்கப் பானைக்குள் கைவிட்டார். உளுந்துக்கு நடுவில் ஒரு சின்னத் துணி முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தால் வெள்ளை இறகுகள். அவர் பிடுங்கியதெல்லாம் எருக்குழிக்குப் போனது. இது அவர் பிடுங்கியதல்ல. அவர் வண்டி ஓட்டப் போன பிறகு அம்மா ஒருத்தியாக உட்கார்ந்து பிடுங்கியிருக்கிறாள், வீட்டுக்காரர் பார்த்துப் பயந்துவிடக்கூடாது என்று. அவர் அவளுக்காக மறைத்தார், அவள் அவருக்காக மறைத்தாள். இரண்டு பேரும் ஒரு தடவையாவது உட்கார்ந்து வாயைத் திறந்து பேசியிருக்கக்கூடாதா?

சேவலை யாரும் தொடவில்லை. அறுத்துத் தின்ன மனசு வரவில்லை, முனிக்கும் ஆகாது. அது பாட்டுக்குக் குப்பையைக் கிளறிக்கொண்டு திரிந்தது. அடுத்த வருஷம் புரட்டாசியில் இறகெல்லாம் கொட்டிப் புதுசு முளைத்தது. அம்மாவுக்குத் தெவசம் வந்த நாளில் கூரைமேல் ஏறிநின்று கூவிய சேவலைப் பார்த்து அத்தை கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டாள். கழுத்து நிறைய இறகு. ஒன்றில்கூட வெள்ளை இல்லை.

பூசாரி ஓடிவந்து பார்த்தார். இறக்கையை விரித்துப் பார்த்தார். "முனி மனசு எறங்கிட்டாருடா. கொண்டாந்து உட்டுடு" என்றார்.

"எதுக்கு உடணும்?"

"புள்ள பொழச்சிக் கெடக்குதே, அதுக்கு."

"ரெண்டு உசுருக்குதான பேச்சு? ஒரு உசுருக்கு இன்னா குடுக்கறது, பாதி சேவலா?" என்ற அப்பா, பூசாரியை விட்டுவிட்டுப் பனையடிக்குப் போய் நட்டு வைத்த இறகுக் காம்புகளையெல்லாம் காலால் எத்திவிட்டு வந்தார். ஊரில் அதைப் பெரிய குற்றமாகப் பேசினார்கள். அவர் கவலைப்படவில்லை. முனி அவரை ஏமாற்றிவிட்டதாக முடிவு கட்டிவிட்டார். அந்தப் பக்கம் வண்டி ஓட்டிப் போகும்போதெல்லாம் காறித் துப்புவார்.

முனிமேல் கோபமாக இருந்தவரை என் அப்பா நன்றாகவே இருந்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரும்பாலைக்குப் போவார். சூடான வெல்லப் பாகைப் பூவரச இலையில் தொட்டு ஊதி ஊதித் தருவார். எனக்குத் தலை வாரி விடுவதும் அவர்தான், அத்தையை விட இறுக்கமாகப் பின்னுவார். சேவல் எனக்கு விளையாட்டுத் துணையாக இருந்து கிழடாகிச் செத்தது. சாகிறவரை அது கறுப்புதான்.

எனக்குப் பல் விழுந்துகொண்டிருந்த வயதில் ஒருநாள் அப்பா வாய்க்காலில் மாடு கழுவிக்கொண்டிருந்தார். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். வண்டியில் கட்டுகிற காளையில் ஒன்று நல்ல கறுப்பு. சூசைநாதன் கை கால் கழுவ வந்தவர் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா ஆதிமூலம், கழுத்துல மட்டும் இம்மாம் வெள்ள?"

"நொகத்தடி தேச்சி புண்ணாயி ஆறன எடம்பா அது. அடிபட்ட எடத்துல வெள்ள முடிதான மொளைக்கும்? திரும்பத் திரும்பத் தேச்சினே இருந்தா..."

மாட்டைத் தேய்த்த வைக்கோல் பிரியைக் கையில் பிடித்தபடி அப்பா நின்றுவிட்டார். காளை தானாகக் கரையேறியது. நான் "அப்பா, மாடு போவுது" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் தண்ணீருக்குமேலே தூக்கி வைத்துக்கொண்டு, புதுசாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சூசைநாதன்தான் கையைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார்.

வண்டி மாட்டுக்காரருக்கு இது அன்றாடம் தெரிந்த விஷயம். கோழிக்கும் அதுதான் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அன்று ராத்திரி அத்தையிடம் சொன்னார்: "அக்கா, முனி ஒப்பிக்கினுதான் இருந்திருக்காரு. நான்தான் புடுங்கிப் புடுங்கி வெளுக்க வெச்சிட்டேன். புடுங்கறத உட்டதும் கறுப்பாதான மொளச்சுது. குறைய நானே உண்டாக்கிட்டேன்."

எனக்கு விவரம் தெரிந்த பிறகு இதைப் பற்றி அவரோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "அம்மா செத்தது ரத்தம் நிக்காமப்பா. சேவலுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? டாக்டரு இருந்திருந்தா பொழச்சிருக்கும்" என்று கத்துவேன். நிதானமாகக் கேட்டுக்கொள்வார். தலையைக்கூட ஆட்டுவார். பிறகு, "உங்கம்மாகூட புடுங்குச்சே, எனக்குத் தெரியாம. நான் செஞ்சதப் பாத்துதான அதுவும் செஞ்சுது" என்பார். எதைச் சொன்னாலும் அங்கேதான் வந்து நிற்பார். முனிமேல் இருந்த கோபம் போன பிறகு அவரிடம் வேறெதுவும் மிஞ்சவில்லை. வேலியைப் பிரித்துக் கட்டுவதை விட்டார், கயிறு திரிப்பதை விட்டார். என் தலையைப் பின்னுவதையும் அத்தையிடம் விட்டுவிட்டார். சும்மா இருக்கத் தெரியாத ஆள் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டார்.

என்னைப் பூரணாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். யுத்த காலத்தில், நாற்பத்துநாலில், தலைப்பிரசவத்துக்கு ஏம்பலம் வந்தேன். வயசாகிப்போன அத்தை அப்பாவிடம் நச்சரித்தாள்: "முனிக்கு ஒரு சேவ நேந்துக்கடா. பொண்ணுக்குப் பேறுகாலம், சும்மா குந்திக்கினு கீறியே." அவர் நேர்ந்துகொள்ளவில்லை. நாங்கள் வளர்த்த கோழிகளைக்கூட அந்த மாதங்களில் சூசைநாதன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வலி எடுத்த அன்று நான் படுத்திருந்த இடத்திலிருந்து கதவிடுக்கில் அவர் தெரிந்தார். முற்றத்து மண்ணில், சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் தொடைக்கு அடியில். நான் கத்தும்போதெல்லாம் அவர் தோள் மட்டும் தூக்கிப்போடும். ஈ முகத்தில் உட்கார்ந்தது, ஓட்டக்கூடக் கையை எடுக்கவில்லை. காலையில் பார்த்தேன், உச்சி வேளையில் பார்த்தேன், வெயில் அவர்மேல் ஏறி இறங்கியது. அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

ஆண் பிள்ளை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தை குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

"டேய், ரெண்டு உசுரும் நல்லா இருக்குதுடா. வாங்கிக்கோ."

"நீயே வெச்சிக்கோக்கா. என் கை வாணாம்."

"பைத்தியக்காரா, பேரப்புள்ளடா இது!" என்று திட்டிய அத்தை, குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டாள். அப்பா குனிந்து பார்த்தார். கண்ணீர் சொட்டுச் சொட்டாகத் துணிமேல் விழுந்தது. அவர் தோள்கள் முன்னால் வந்தன, கைகளை வெளியே எடுக்கப்பார்க்கிறார் என்று நினைத்து நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கைகள் வரவில்லை. குழந்தை நெளிந்து மடியிலிருந்து சரிய ஆரம்பித்தது. அவர் முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று கத்தினாரே தவிரப் பிடிக்கவில்லை. அத்தைதான் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.